ரஹமத்துன்னிசா வளர்த்த நவாப்

ரஹமத்துன்னிசா எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மூலையைத்தான் பார்ப்பாள். நடுவே பெருக்குவது யாருக்கும் வரும், மூலையைப் பெருக்குகிறவள்தான் வேலை தெரிந்தவள் என்பது அவள் கட்சி. திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் மூன்று மாடி லாட்ஜில் அவள்தான் சூப்பர்வைசர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிவிட்டுக் கால் வீங்கி வந்து விழுகிற கூட்டம் மறுநாள் கிளம்பிப் போன பிறகு அந்த லாட்ஜைப் பார்க்க வேண்டும். யானை புகுந்த மாதிரி கிடக்கும். அந்தக் கோலத்தை ஒரே பிற்பகலில் மனிதர் தங்கும் இடமாக மாற்றிவிடுவாள். கத்திக்கொண்டேதான் மாற்றுவாள், அது வேறு விஷயம்.

கழிவறைக்குச் சிவப்பு வாளி, தரைக்கு நீல வாளி, குடிதண்ணீர்ப் பக்கம் பச்சை வாளி என்று நிறம் பிரித்து வைத்தவள் அவள். நிறம் மாறி ஒரு குவளை கண்ணில் பட்டால் போதும், அன்றைக்கு அங்கே வேலை பார்க்கும் பெண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதலாளி சக்கரபாணிகூட ஈரத் தரையில் கால் வைக்கும் முன் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வார். "லாட்ஜுக்கு நான் முதலாளி, எனக்கு அந்தம்மா முதலாளி" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவள் ஓர் ஆமையிடம் மனதைப் பறிகொடுத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், இரண்டாம் மாடியில் குளியலறை கழுவப் போன வள்ளி "ஐயோ அம்மா" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். பாம்போ என்று கட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள் ரஹமத்துன்னிசா. வாளித் தண்ணீரில் மெதுவடை அளவில் ஓர் ஆமை. பச்சை ஓடு, கன்னத்தில் குங்குமத்தைத் தீற்றினாற்போல் சிவப்புக் கோடு. தண்ணீருக்கு மேலே கழுத்தை நீட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தது. அறையில் தங்கியிருந்தவர்களுக்குப் போன் போட்டால், "அது எங்களுது இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் கேட்டதென்று கடையில் வாங்கி, அலுத்துப்போனதும் கழற்றிவிட்டார்கள், வேறென்ன!

"கொண்டுபோய் எதுனா குளத்துல உட்டுடும்மா, புண்ணியமா போவும்" என்றார் சக்கரபாணி.

"புண்ணியம் உங்களுக்கு, பாவம் குளத்துக்கா? இது வெளிநாட்டு ஆமைங்க. இங்க இருக்கற மீனையும் நம்மூரு ஆமையையும் உருப்பட வுடாது" என்றாள் அவள். லாட்ஜில் தங்க வந்த ஒரு மீன்வளத்துறைக்காரர் எப்போதோ சொன்னது அது. சொல்லிவிட்டு வாளியோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அது பார்த்த மிடுக்குக்கு, ஆற்காட்டையே ஆண்டதுபோல் இருக்கிறதே என்று நவாப் என்று பெயர் வைத்தாள்.

அப்போது அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ். டயாலிசிஸ் பண்ணிக்கொண்டவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள். ஊசிகூடப் பழகிவிடும், தாகம் மட்டும் பழகவே பழகாது. நாள் முழுக்க இவ்வளவுதான் என்று அளந்து குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது ரஹமத்துன்னிசா நவாபின் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். அது தண்ணீரில் முங்கும், எழும், கல்லின் மேல் ஏறிக் கால் நாலையும் பரப்பி வெயில் காயும். பார்த்துக்கொண்டே இருந்தால் தன் தொண்டையே நனைந்த மாதிரி இருக்கும் அவளுக்கு. உள்ளங்கையில் ஏந்திக்கொள்வாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் விட்டுக்கொள்வாள். தலையணையில்கூட ஏற்றிக்கொண்டாள். மூலை பார்க்கிறவள், வாளிக்கு நிறம் பிரித்தவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றும் பார்க்கவில்லை. பாசம் வந்தால் அப்படித்தான்.

இதையெல்லாம் அருவருத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் தங்கை மெஹ்ஜபீன். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், புருஷன் லோடு வேன் வைத்திருக்கிறான். அக்காளை "ஆபா" என்று கூப்பிடுவாள். "தோபா தோபா! ஆபா, சோறு திங்கற எடத்துல அது இன்னாத்துக்கு?" என்று மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

அந்த மெஹ்ஜபீன்தான் கடைசியில் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தாள். ரஹமத்துன்னிசாவின் ஒரே மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. கணவர் பக்ருதீனுக்குச் சர்க்கரை. டாக்டர்கள் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது, "நான் இருக்கேனே" என்று முன்னே வந்து நின்றாள் தங்கை. யாரும் கெஞ்சவில்லை, யாரும் கேட்கக்கூட இல்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்த ரஹமத்துன்னிசா முதலில் கேட்டது தண்ணீர். குடிக்கலாம் என்று டாக்டர்கள் விட்ட அன்றைக்கு வயிறு முட்டக் குடித்துவிட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன், டாக்டர் சிந்துஜாவிடம் அவளே வாயைத் திறந்து கேட்டாள். மறைக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

"டாக்டரம்மா, வீட்டுல ஒரு ஆமை இருக்குதுங்க. வெச்சிக்கலாங்களா?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "வேணாம்மா. ஆமை, பல்லி, ஓணான் வகை எதுவுமே உங்களுக்கு ஆவாது. சால்மொனெல்லான்னு ஒரு கிருமி. ஆமை நோஞ்சானா இருந்தாதான் இருக்கும்னு இல்ல, நல்லா துள்ளிக்கினு இருக்கற ஆமை வயித்துலயும் இருக்கும். ஓட்டுல இருக்கும், அது கெடக்கற தண்ணியில இருக்கும். எனக்கு வந்தா பெரும்பாலும் வயித்தால போயிட்டு சரியாயிடும். உங்களுக்கு ரத்தத்துல ஏறிடும்."

"எனக்கு மட்டும் ஏங்க அப்படி?"

"உங்க தங்கச்சி குடுத்த கிட்னிய உங்க உடம்பு வெளியாளுனு நெனச்சி அடிச்சி தொரத்தக் கூடாது இல்ல? அதுக்குத்தான் மாத்திரை குடுத்து காவல்காரனைத் தூங்க வெச்சிருக்கோம். அவன் தூங்கறப்ப திருடன் வந்தாலும் தெரியாது. யாருக்காவது குடுத்துடுங்க."

"யாருங்க வாங்குவாங்க? இன்னிக்கி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளந்து நிக்குது. வித்த கடைக்காரனே வேணான்றான். கொளத்துல உடவும் கூடாது."

டாக்டர் பேனாவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "ஆள் கெடைக்கற வரைக்கும்னா, நான் சொல்றத ஒண்ணு விடாம செய்யணும்" என்று ஆரம்பித்தார். ரஹமத்துன்னிசா தொடவே கூடாது, வேறு ஒருவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விடக் கூடாது. வீட்டுக்குள் அது நடமாடக் கூடாது. அந்தத் தண்ணீரைச் சமையல்கட்டிலோ குளிக்கிற இடத்திலோ கொட்டக் கூடாது. மகள் கைக்குழந்தையோடு வந்தால் குழந்தையும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

வீட்டுக்கு வந்த மறுவாரமே நவாப் மொட்டை மாடிக்குக் குடி போனது. ஷீட் நிழலில் சிமெண்டுத் தொட்டி, மேலே கம்பி வலை. நவாபுக்கென்று தனிச் சிவப்பு வாளி, சிவப்புக் குவளை, சிவப்புப் பிடி போட்ட பிரஷ். அந்தச் சிவப்பு மாடியை விட்டுக் கீழே இறங்கக் கூடாது. பக்ருதீன் மாடியில் போடுகிற ரப்பர் செருப்பும் கீழே இறங்கக் கூடாது. வேலை முடிந்ததும் மாடிக் குழாயிலேயே சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அவர் கதவுத் தாழ்ப்பாளைத் தொடலாம். படிக்கட்டு அறைக்கும் மாடிக்கும் நடுவே வலைக்கதவு ஒன்று போட்டார்கள். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்துகொண்டு ரஹமத்துன்னிசா பார்ப்பாள், பார்ப்பதோடு சரி.

சரி என்றா சொன்னேன்? வாய் சும்மா இருக்குமா? "ஏங்க, மூலை! மூலையத் தேயுங்க! பாசி தெரியுது பாருங்க!" என்று அங்கிருந்தபடியே வேலை வாங்குவாள். பக்ருதீன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். செப்புக் கம்பியை நூல் பிசகாமல் சுற்றிச் சுற்றி அவருக்குப் பொறுமை உடம்போடு ஊறிப்போயிருந்தது. "ஆவட்டும் ரஹமத்து, ஆவட்டும்" என்று தேய்த்துக்கொண்டே இருப்பார். நவாப் அவர் முதுகுப் பக்கமாகக் கழுத்தை நீட்டி வலைக்கதவையே பார்க்கும். அவளுக்குக் கை துறுதுறுக்கும். ஒரு நாளும் எழுந்து போகவில்லை. தங்கை கொடுத்தது உள்ளே இருக்கிறது என்ற நினைப்பு ஒன்றே அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிடும்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. ரத்தப் பரிசோதனை ஒவ்வொன்றும் நன்றாகவே வந்தது. லாட்ஜுக்கும் திரும்பிப் போனாள், முகக்கவசம் போட்டுக்கொண்டு கத்தினாள், அவ்வளவுதான் வித்தியாசம். "என்னை மாதிரி ஒழுங்கா வெச்சிக்கிட்டா சிங்கத்தகூட வளக்கலாம்" என்று வள்ளியிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

அக்னி நட்சத்திரம் பிறந்து, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே வயிற்றுப்போக்கு. விடிவதற்குள் எழுந்து உட்கார முடியவில்லை. பக்ருதீன் அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உடம்பில் நீர் வற்றிப்போய், புதுச் சிறுநீரகம் தடுமாற ஆரம்பித்திருந்தது. ரத்தத்தை எடுத்து, அதிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்ததில் அதன் பெயர் வந்துவிட்டது. டாக்டர் சிந்துஜா என்றைக்கோ சொன்ன அதே பெயர்.

"கிட்னி தாங்குமாங்க?" என்று பக்ருதீன் கேட்டதற்கு, "மருந்து ஏறிக்கினு இருக்குது. பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார் டாக்டர். அந்தப் 'பாக்கலாம்' கேட்டதும் அவர் மெஹ்ஜபீனுக்குப் போன் போட்டார்.

மெஹ்ஜபீன் வந்து சேர்ந்தாள். வந்தவள் உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு அக்காளைப் பார்த்தாள்.

"ஆபா, என் கிட்னிய உனக்குக் குடுத்தேனா, அந்த ஆமைக்குக் குடுத்தேனா? நீயே சொல்லு."

"நான் தொடலடி, மெஹ்ஜபீன். அல்லா மேல ஆணையா தொடல."

"ஆணையெல்லாம் இடாத! உன்னப் பத்தி எனக்குத் தெரியாது? தலகாணியில படுக்க வெச்சவ நீ. யாரும் இல்லாதப்ப மாடிக்குப் போயிருப்பே. ஒரே ஒரு தடவனு தூக்கியிருப்பே. என் ஒடம்பக் கிழிச்சிக் குடுத்தேன் ஆபா. நீ அதை ஒரு ஆமைக்காக..." சட்டென்று வெளியே போய்விட்டாள்.

காய்ச்சல்கூட ரஹமத்துன்னிசாவை அப்படி வாட்டவில்லை. அந்தச் சொல்தான் வாட்டியது. சிறுநீரகம் போனால் மறுபடி டயாலிசிஸ், மறுபடி தாகம், அது அவளுக்குத் தெரிந்த நரகம். ஆனால் கொடுத்தவள் முன்னால், கொடுத்ததைத் தூக்கி எறிந்தவளாக நிற்பதை அவளால் தாங்கவே முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்தபோது அவளுக்குள் இருந்த சூப்பர்வைசர் விழித்துக்கொண்டாள். நான் தொடவில்லை. அது எனக்குத் தெரியும். அப்படியானால் எப்படி வந்தது?

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. பக்ருதீன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். தங்கையும் பக்கத்து நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, ஸ்பூனைக் கீழ வையுங்க. நவாபுக்கு நீங்க வேலை செய்யறத முதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொல்லுங்க. ஒண்ணு வுடக் கூடாது."

"நீதான் தெனம் பாக்கறியே ரஹமத்து."

"நான் பாதியில மாத்திரை போட எறங்கிப் போயிடறேன். சொல்லுங்க."

பக்ருதீன் பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல் சொல்ல ஆரம்பித்தார். மாடியில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வது. கையுறை போட்டுக்கொள்வது. நவாபைத் தூக்கிக் கூடையில் விடுவது. சிவப்புக் குவளையால் தண்ணீரை மொண்டு சிவப்பு வாளியில் ஊற்றுவது. தொட்டியைத் தேய்ப்பது. "மூலையையும் தேய்ச்சிடறேன்" என்று சேர்த்துக்கொண்டார். புதுத் தண்ணீர் விட்டு நவாபைத் திரும்ப விடுவது. கையுறையைக் கழற்றிக் கை கழுவுவது.

"அந்த வாளித் தண்ணி?"

"அதையா? சமையல்கட்டுல ஊத்தக் கூடாதுனாங்க, பாத்ரூம்ல ஊத்தக் கூடாதுனாங்க. அங்கெல்லாம் ஒரு சொட்டுகூட ஊத்தல. மாடியில நான் வெச்சிருக்கற புதினாச் செடிக்கு ஊத்திடுவேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த தங்கைகூடத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நல்ல சத்து ரஹமத்து அது" என்றார் பக்ருதீன், ஏன் எல்லோரும் இப்படிப் பார்க்கிறார்கள் என்று புரியாமல். "மீன் தொட்டித் தண்ணியத்தான ஊரே செடிக்கு ஊத்துது? எப்படித் தழைச்சிருக்குது பாத்தியா? கடையில வாங்கறதுல மருந்தடிக்கறான், உனக்கு ஆவாதுன்னுதான வீட்டுலயே..." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். அந்த வெயிலுக்கு அவளுக்கு இதமாக இருக்கட்டும் என்று, தினமும் சாயந்திரம் அந்தப் புதினாவைப் பறித்து, லேசாக அலசி, பச்சையாக நசுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, தன் கையால் சர்பத் போட்டுக் கொடுத்தது அவருக்கு அப்போதுதான் ஞாபகத்தில் உறைத்தது. தானும் சர்க்கரை போடாமல் ஒரு டம்ளர் குடித்ததும், போன வாரம் தனக்கும் ஒரு நாள் வயிறு கடமுடா என்றதும்கூட.

"யா அல்லா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் கையால... என் கையாலயே குடுத்தேனே!"

ரஹமத்துன்னிசாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம். அந்த மனுஷர் வேண்டுமென்று ஓர் எறும்பைக்கூட மிதித்ததில்லை. "எந்திரிங்க, தரையில உக்காராதீங்க, ஆஸ்பத்திரித் தரை" என்றாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

மெஹ்ஜபீன் எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "மச்சான் உன்னக் காப்பாத்தப் பழிய தன் மேல போட்டுக்கறாரு. அவரு அப்படித்தான். புதினாவாம், புதினா!" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

டாக்டர் சிந்துஜா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "சோதிச்சிப் பாக்காம இதேதான்னு அடிச்சிச் சொல்ல முடியாது. ஆனா வழி இதுவாத்தான் இருக்கும்னு தோணுது. அந்தத் தண்ணிய எங்க கொட்டணும்னு நானும் சொல்லாம விட்டேன். கக்கூஸ்லதான் கொட்டணும்" என்றார். அதோடு நிறுத்தவில்லை. "இந்த ஒரு வழி தெரிஞ்சிப் போச்சு. நமக்குத் தெரியாத வழி இன்னும் எத்தினி இருக்குதுனு உங்களால சொல்ல முடியுமாம்மா?"

ரஹமத்துன்னிசா தன் லாட்ஜை நினைத்துக்கொண்டாள். லாட்ஜில் ஓர் அறையில் தேள் வந்தால், வந்த ஓட்டையை அடைத்த கையோடு அவள் சாவியைக் கொடுத்துவிட மாட்டாள். இன்னொரு ஓட்டை இல்லை என்று தெரிந்தபிறகுதான் கொடுப்பாள். தன் மாடியில் இன்னொரு ஓட்டை இல்லை என்று அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை. ஆளைத் தேடுகிறேன் தேடுகிறேன் என்று ஒரு வருஷமாகத் தேடாமலே இருந்ததும் அவளுக்குத் தெரியும்.

"குடுத்துடறேங்க" என்றாள். "ஆனா கண்டவன் கையில குடுக்க மாட்டேன்."

"குடுங்க, அது போதும்" என்று சிரித்தார் டாக்டர்.

சிறுநீரகம் தாங்கிக்கொண்டது. ரத்தத்தில் ஏறியிருந்த உப்பின் அளவெல்லாம் மெல்ல மெல்ல இறங்கி, வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் பக்ருதீன் கையுறை போட்டுக்கொண்டு புதினாவை வேரோடு பிடுங்கி, மண்ணோடு மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றி, தொட்டிகளை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். நவாபின் தண்ணீருக்கு மூடி போட்ட வாளி வந்தது. அது நேரே கழிவறைக்குப் போயிற்று.

ஆள் தேடும் படலம் ஆரம்பமானது. வேங்கிக்காலில் புது வீடு கட்டிய ஒருவர் அதிர்ஷ்டத்துக்கு ஆமை வேண்டும் என்று வந்தார். வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். "குழந்தை நடந்து, ஓடி, ஸ்கூலுக்குப் போவட்டும், அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டாள். இன்னொருவர் ஓட்டல் வாசலில் கண்ணாடித் தொட்டியில் வைப்பேன் என்றார். "சாப்புடற எடத்துலயா?" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்த ஆள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். யார் வந்தாலும் ஏதாவது ஒரு நொட்டை இருந்தது. இருந்ததா, இவள் கண்டுபிடித்தாளா, அல்லாவுக்கே வெளிச்சம்.

இதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஹ்ஜபீனே வந்து இறங்கினாள். வாசலில் புருஷனின் வேன் நின்றது.

"நீ யாருக்கும் குடுக்க மாட்டே. வரவன் போறவனுக்கெல்லாம் குத்தம் சொல்லிக்கினே இருப்பே, அது இங்கயே கெடக்கும். நானே எடுத்துக்கினு போறேன்."

ரஹமத்துன்னிசா திடுக்கிட்டாள். "நீயா? அதைக் கண்டாலே உனக்கு ஆவாதே!"

"இப்பவும் ஆவாதுதான். ஆனா உன் பக்கத்துல அது இருந்தா எனக்குத் தூக்கம் வரல."

"வேணாம்டி. உனக்கும் இப்ப ஒண்ணுதான் இருக்குது."

அதைக் கேட்டதும் மெஹ்ஜபீனின் குரல் கொஞ்சம் தணிந்தது. "டாக்டரம்மாகிட்ட போன் போட்டுக் கேட்டுட்டேன். நான் உன்ன மாதிரி மாத்திரை திங்கல, எதுத்து நிக்கற சக்தி எனக்குக் கம்மியாவல. கை கழுவுனா போதும்னாங்க. எங்க வீட்டுல சின்னப் பசங்களும் இல்ல. பின்கட்டுல தொட்டி கட்டி வெச்சாச்சு. தண்ணி கக்கூஸுக்குத்தான் போவும், செடி கொடி எதுக்கும் கெடையாது. இன்னும் எதுனா குத்தம் இருந்தா சொல்லு."

குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. ரஹமத்துன்னிசா தேடித்தான் பார்த்தாள்.

மூன்று பேரும் மாடி ஏறினார்கள். ரஹமத்துன்னிசா வலைக்கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். பக்ருதீன் கையுறை மாட்டிக்கொண்டு நவாபைத் தூக்கினார். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை தயாராக இருந்தது. கூடையில் வைக்கப்போனவர் மனசு கேளாமல் வலைக்கதவைத் தள்ளித் திறந்து, அவளுக்கு எட்டும்படி நீட்டினார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

"ரஹமத்து, ஒரே ஒரு தடவ தொட்டுக்கயேன். சோப்பு இங்கயே இருக்குது. உடனே கழுவிக்கலாம்."

நவாப் கழுத்தை முழுசாக வெளியே நீட்டி அவளைப் பார்த்தது. கால்கள் காற்றில் துழாவின. விரலை நீட்டினால் கன்னத்துச் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடலாம். அவள் கை தானாகவே எழுந்தது. பாதியில் நின்றது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் மட்டும் தாரை தாரையாக இறங்கியது.

"வேணாங்க. ஆபரேஷன் ஆன நாள்ல இருந்து தொடல. இன்னிக்கி மட்டும் எதுக்கு? கூடையில வையுங்க." பிறகு ஆமையைப் பார்த்து, "போய்ட்டு வாடா ராஜா. அங்க போய் திமிரு பண்ணாத" என்றாள்.

பக்ருதீன் கூடையை மூடினார். கையைக் கழுவிக்கொள்ளக் குழாயடிக்குப் போனார். மெஹ்ஜபீன் கூடைப் பக்கமே போகவில்லை. படிக்கட்டு அறைக்குள் வந்து, அக்காளின் முதுகுக்குப் பின்னால் இறுகிக் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது.

"ஆபா, நீ நெஜமாவே தொடலையா?"

"எத்தினி தரம்டி சொல்றது?"

மெஹ்ஜபீன் அக்காளின் கைகளைப் பிரித்து எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். விம்மல் வெடித்துக்கொண்டு வந்தது.

"என் கிட்னி நல்ல எடத்துலதான் இருக்குது ஆபா" என்றாள்.